மேலறையில் ஆள் உண்டா?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இரண்டு நாளாக ஏணியை இறுக்கிப் பிடித்த கை. ஏழு படி ஏறினேன். எட்டாவதில் காலும் வரவில்லை, மூச்சும் வரவில்லை. கூரை மேஸ்திரி இடுப்பைப் பிடித்து, மூட்டை இறக்குவது போல இறக்கினார். உன் இருமல் நின்றதா? வெந்நீர் குடி.

ஒழுகுகிற கூரையின் ஓடுகளைப் பிரித்துப் பார்த்தால், அவற்றைத் தாங்கும் கைமரமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. நகத்தால் கீறினாலே பெயர்கிறது. இத்தனை வருஷமாகச் சொட்டியது மழை இல்லையாம். வீட்டுக்குள்ளிருந்து ஏறும் ஆவி, போக வழியில்லாமல் ஓட்டின் அடியில் குளிர்ந்து சொட்டியதாம். காற்று நுழைய இறவாரத்தில், கூரையின் கீழ்விளிம்பில், விட்டிருந்த துளைகளில் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். “எந்தப் புத்திசாலிங்க இதை அடைச்சது?” என்று மேலிருந்து கத்தினார் மேஸ்திரி. “அந்தப் புத்திசாலிதான் கீழ உங்களுக்கு டீ ஆத்திக்கிட்டிருக்கான்” என்றேன். எலி வரக்கூடாது என்று அடைத்தேன். எலி வந்துகொண்டுதான் இருந்தது, காற்றுதான் வரவில்லை. வேலையாட்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.

இனி இறவாரத்தில் நுழையும் காற்று முகட்டு வழியாக வெளியேறுமாம். வெயிலையும் குளிரையும் தடுக்கப் பஞ்சு மெத்தையும் போடுகிறார். அதை எங்கே போடுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

“மேல ரூம்ல ஆள் இருக்காங்களாங்க?” என்று கேட்டார். இல்லையென்றால் மெத்தையை மேலறைத் தரையில் விரித்துவிட்டால் போதும். கீழே இதமாக இருக்கும். மேலறையை வெயிலுக்கும் குளிருக்கும் விட்டுவிட்டு, பழைய சாமான் போட்டுக்கொள்ளலாம். ஆள் உண்டென்றால் கூரைச் சரிவிலேயே கட்ட வேண்டும், ஓட்டுக்கும் மெத்தைக்கும் நடுவில் காற்று ஓட இரண்டு விரல் இடம் விட்டு.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். உன் அண்ணன் நம்மை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம். அவன் சட்டை இன்னும் அந்த அறைக் கதவு ஆணியில்தான் தொங்குகிறது. “உங்க இஷ்டம்” என்றாள். முப்பத்திரண்டு வருஷத்தில் உப்பைக்கூட அவள் என் இஷ்டத்துக்கு விட்டதில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

இன்று மத்தியானம் வீட்டில் அவளைக் காணவில்லை. மாடிப்படி ஏறிப் பார்த்தால், அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். மேலே கூரை இல்லை. உச்சியில் வெயில். “வாம்மா, கீழ போலாம்” என்றேன். “இங்கயே இருக்கேன்” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அங்கிருந்தே மேஸ்திரியைக் கூப்பிட்டு, “மேல ஆள் இருக்காங்க, சரிவுலயே போட்டுடுங்க” என்றேன். “யாருங்க தங்கப்போறது?” என்றார். “பொண்ணு வர்றா” என்று வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. நான் எதைத்தான் யோசித்துச் செய்தேன்? அம்மா எழுந்து கட்டிலை நடுவுக்கு இழுத்து, தூசி விழாமல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினாள். சட்டையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை ஓடு வேய்ந்துவிடுவார்கள். உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். அந்த அறையில் உனக்குத் தூக்கம் வராது என்பதும் தெரியும். இரண்டு நாள் போதும்.

உடம்பும் மனசும் குறையில்லாமல் இரு. அப்பாவைப் பொய்யனாக்கிவிடாதே, கண்ணு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா