நீ கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த எலும்பு

மகளே,

இன்று காலை தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஆலையில் பெல்ட்டு மாற்றும்போது கட்டைவிரலில் ஒரு கீறல். வழியில் கேட்டவர்களிடம் விரலே போய்விட்டது என்று சொல்லி வைத்தேன். காயத்துக்குக் கட்டுப் போட, புதிதாக வந்திருக்கிற டிரஸ்ஸர் சிவப்பு கார்பாலிக் சோப்பில் கை கழுவினான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் விரல் மறந்துபோனது. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நீ குனிந்து நின்று, முழங்கை வரை நுரை வைத்து, ஒவ்வொரு நகமாகத் தேய்ப்பாயே, அதுதான் கண்ணில் நின்றது.

"என்ன அண்ணே, மயக்கமா வருதா?" என்றான் டிரஸ்ஸர்.

"எனக்கா? ஒரு லேடி டாக்டரையே வளர்த்து விட்டவன்டா நான்!"

வளர்த்தது என்பது கொஞ்சம் அதிகம்தான். வாராவாரம் சனிக்கிழமை மத்தியானம் முதல் ஞாயிறு சாயங்காலம் வரை உன்னை வைத்திருந்தோம். அது போதாதா?

அந்தக் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. ஜொகூர் பாருவில் தமிழர்கள் கூடிய ஒரு கூட்டம். சிங்கப்பூரில் ஸ்காலர்ஷிப்பில் படிக்கிற தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு வாரக் கடைசியில் போக வீடு இல்லை, தமிழ்க் குடும்பம் யாராவது ஏற்றுக்கொள்வீர்களா என்று விடுதி அம்மாள் எழுதிய கடிதத்தை வாசித்தார்கள். வாசித்து முடிக்கும் முன்பே எழுந்து நின்றவன் நான். மாசாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் இன்ஜினியர், மாடி வீடு என்று எழுதச் சொன்னேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதை அவர்கள் கேட்கவில்லை. ரப்பர் ஆலையில் இன்ஜினுக்கு எண்ணெய் போட்டு ஓட்டுகிறவனை இன்ஜினியர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வதாம்?

முதல் சனிக்கிழமை, வடக்கே தைப்பிங் ஊர்ப் பெண்ணான நீ, கையில் தோல்பையோடு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாய்.

"மாடி எங்க மாமா?"

"உள்ள ஏணி தெரியுதுல்ல? மேல விறகு அடுக்கியிருக்கு. இறக்கிட்டா மாடிதான்."

"விறகு இருக்கட்டும் மாமா. நான் கீழேயே படுத்துக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தாய் பார், பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் கலைந்து ஓடியது. அன்றே என் பெண்டாட்டிக்கு நீ மகளாகிவிட்டாய். அவளை நீ அத்தை என்று கூப்பிட்டாய். உன்னைப் போல ஒரு மூளை அதற்கு முன் ஜொகூருக்கு ரயிலேறி வந்ததில்லை. நீ வாய்க்குள் முனகிப் படித்தாலே போதும், எங்கள் வீட்டுப் பல்லிகூடச் சத்தம் போடாது. நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மறுநாள் உனக்கு எலும்புப் பரீட்சை. காலையில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு கோயிலுக்குப் போயிருந்தாய். வீடு கூட்டிய உன் அத்தை, கேன்வாஸ் கட்டிலுக்கு அடியில் துண்டில் சுற்றியிருந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஊரில் சொல்லும்போது அதை மண்டை ஓடு என்பேன். உன்னிடம் பொய் எதற்கு? மேல்கை எலும்பு ஒன்று. அதன்மேல் கறுப்பு மையில் ஒரு நம்பர்.

"யாரு பெத்த புள்ளையோ! கொள்ளி வைக்க ஆளில்லாம, மூட்டைக்குப் போடற மாதிரி நம்பர் போட்டு வச்சிருக்கானுங்களே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். பிறகு, "பொண்ணு வரட்டும், கேட்டுக்கலாம்" என்று சொன்னவளும் அவள்தான். நான்தான் கேட்கவில்லை.

"படிக்கற பிள்ளைக்கு எதுக்கு இந்தப் பாரம்? இன்னைக்கு அமாவாசை. தள்ளக் கூடாது. எனக்குத் தெரியாத காரியமா?"

புதுப்பானை எடுத்தோம். மஞ்சள் நீர் விட்டு, எள்ளும் அரிசியும் போட்டு, சூடம் காட்டினோம். பேர் தெரியாததால் 'ஐயா' என்று கூப்பிட்டு அழுதாள் உன் அத்தை. சம்பான் படகு ஒன்றை அமர்த்தி, ஆற்று முகத்துக்குப் போய், நீர் இறங்குகிற நேரம் பார்த்து விட்டுவிட்டு வந்தோம். காசிக்குப் போனவன்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான்.

நீ திரும்பி வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். நீ அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாய்.

"மாமா... அது காலேஜ் எலும்பு. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கலைன்னா ஸ்காலர்ஷிப்பை நிறுத்திடுவாங்க. ஊருக்கு அனுப்பிடுவாங்க."

பிறகு நான் மறுபடி ஆற்று முகத்துக்கு ஓடி, சேற்றில் இறங்கித் தேடினேன். முதலை ஒன்று என்னை முறைத்தது. அதை நானும் முறைத்தேன். பானையின் ஓடு ஒன்று கிடைத்தது. அமாவாசைக்கு வேகமாக இறங்கிய நீர் மற்றதைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சேறும் சகதியுமாக நான் வீடு திரும்பியபோது, தலையில் அடித்துக்கொண்டிருந்த உன் அத்தையின் இரண்டு கைகளையும் நீ பிடித்துக்கொண்டிருந்தாய். "என்னென்ன செஞ்சீங்க அத்தை, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்றாய். எள் போட்டது, அரிசி போட்டது, ஐயா என்று கூப்பிட்டது, எல்லாம் சொன்னாள். நீ எழுந்து ஆறு இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாய்.

"ஒரு மாசமா நான் அதை நம்பர் சொல்லித்தான் எடுத்தேன், வச்சேன். நீங்கதான் அத்தை அதை ஒரு ஆளாப் பாத்தீங்க."

நான் சும்மா இருப்பேனா? ரயிலில் திருட்டுப் போனது, நாய் தூக்கிக்கொண்டு ஓடியது, வீடு தீப்பிடித்தது என்று ஏழெட்டுக் காரணம் எடுத்துக் கொடுத்தேன். தீ என்றால் ஒரு பக்கத்துக் கூரை ஓலையைக் கொளுத்திக் காட்டவும் தயார் என்றேன்.

"வேணாம் மாமா. பொய் சொன்னா அத்தை செஞ்சது தப்புன்னு ஆயிரும்."

எடுத்த தீப்பெட்டியைத் திரும்ப அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் உன் அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, முழங்கைக்கு மேலே ரவிக்கைக் கையை ஏற்றி, வலது கையை நீட்டினாள். "இதுலயும் அந்த எலும்பு இருக்கும்ல? இதுல படி." நீ அழுதுகொண்டே சிரித்தாய். சாயங்காலம் வரை அவள் தோளையும் முழங்கையையும் அமுக்கி அமுக்கி, எது எங்கே ஒட்டுகிறது, எது எங்கே திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். கூச்சத்தில் நெளிந்தாலும் கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் உன்னை அனுப்பவில்லை; மறுநாள் விடியற்காலையில் உன்னோடு நானும் ரயிலேறினேன். வெள்ளைக்காரப் புரொபசரோடு இங்கிலீஷில் வாதாடினேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். நடந்தது உனக்குத் தெரியும். நான் தமிழில் திக்கினேன். நீ அதை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னாய். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, பெண்டாட்டி பொறுத்திருக்கச் சொன்னாள், முடிவு செய்தவன் நான் என்றேன். எனக்கு என்ன வேலை என்று அவர் கேட்டார். "இன்ஜினுக்கு எண்ணெய் போடுறவன், துவான்" என்று தோட்டத்துத் துரையைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டுச் சொன்னேன். அதையும் நீ அப்படியே சொன்னாய்.

ஸ்காலர்ஷிப்புக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஆனால் படிப்பு முடியும் வரை எந்த எலும்பும் வெளியே கொண்டுபோகக் கூடாது. சனியும் ஞாயிறும் அங்கேயே எலும்பு அறையில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். நீ தலையாட்டினாய். எங்கள் சனிக்கிழமைகள் அத்தோடு போயின என்று எனக்கு உறைக்க ரயிலடி வரை ஆனது.

ரயிலடியில் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாய். "புரொபசர் ரூமுக்குள்ள போனதுலேர்ந்து ஒரு பொய்கூடச் சொல்லலையே மாமா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

பரீட்சையில் நீதான் முதல். ஆசியாவிலேயே முதல் என்று நான் சொல்வேன். வகுப்பில் முதல் என்பதுதான் உன் கடிதத்தில் இருந்தது. பட்டம் வாங்கியதும் இரண்டு நாள் வந்து தங்கிப் போனாய். பிறகு வடக்கே பெண்கள் ஆஸ்பத்திரி. வார்டிலிருந்து தொற்றிய காய்ச்சல். உன் அண்ணன் எழுதிய கடிதம் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது நீ போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. உன் அத்தை வலது கையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தாள்.

உனக்கு ஒரு பிடி அரிசி போட நான் அங்கே இல்லை, மகளே. அதன் பிறகு இந்தத் தோட்டத்தில் ஆளில்லாமல் யார் செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். முதலில் பேர் கேட்பேன். பேர் தெரியாவிட்டால், உன் அத்தை கூப்பிட்டது போல ஐயா என்பேன், அம்மா என்பேன். இதுவரை நாற்பது பேர் என்று வெளியே சொல்கிறேன், ஒன்பது பேர். பாடைக்கு முன்பக்கத்து இடது முனையை வேறு யாருக்கும் நான் விடுவதில்லை. ஆலைக்காரன் தோள், பலமான தோள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அந்த முனையில் ஒவ்வொரு தடவையும் நான் உன்னைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.