நாலு சக்கரம், இரண்டு பயம்

இன்று காலை கதவைத் திறந்ததும் முற்றத்தில் பெட்ரோல் வாசம் அடித்தது. திட்டு வாங்கப் போகிறோம் என்று ஒரு கணம் உங்களைத்தான் தேடினேன். சொந்த பைக்கையே வாசலுக்கு உள்ளே ஏற்ற விடாதவர் நீங்கள். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்த பழக்கம் அது. வீட்டில் குந்துமணி அளவு வெடிமருந்து இல்லாவிட்டாலும் பெட்ரோல் டேங்க் அடுப்பிலிருந்து எட்டியே நிற்க வேண்டும் உங்களுக்கு. இப்போது அதே முற்றத்தில், வேப்ப மரத்தடியில், நாலு சக்கரத்தோடு ஒன்று நிற்கிறது. பைக்கின் கைப்பிடி, தடித்த டயர்கள், முன்னும் பின்னும் சாமான் கட்ட இரும்புச் சட்டம். குவாட் பைக் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "என்னத்தா இது, டிராக்டர் போட்ட குட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நம் புஞ்சையில் நானும் நம் மகள் செல்வியும் முருங்கை போட்டோம், வெள்ளாடு வளர்த்தோம். கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மழை பெய்தால் போதும், மொபெட் பாதித் தூரத்தில் புதைந்து நிற்கும். காய்க்கட்டையும் தண்ணீர்க் கேனையும் தலையில் வைத்து நடந்து என் முழங்கால் தேய்ந்தது. செல்விதான் போனில் இந்த வண்டியைக் கண்டுபிடித்தாள். "எம்மா, இது சகதியில போகும். இனிமே நீ சுமக்க வேண்டாம்" என்றாள். மகள் அக்கறையாகச் சொல்கிறாள் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ, எஞ்சின், சூடு, பெட்ரோல் மூன்றும் என் மகளின் காலுக்கு நடுவில் இருக்கப் போகிறதே என்றுதான் நினைத்தேன்.

மதுரைக்குப் போய் ஷோரூமில் பார்த்தோம். ஏறி உட்காரச் சொன்னார்கள். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். பக்கத்தில் இருந்த இரும்புத் தூணில் உள்ளங்கையை வைத்து எடுத்தேன். அப்புறம்தான் ஏறினேன். விற்கிற தம்பிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அம்மா, இது என்ன கோயிலா? செருப்பு இல்லாம இதுல உக்காரவே கூடாது. சைலன்ஸர் பட்டா தோல் உரிஞ்சிரும்" என்றான். மருந்து ரூமுக்குள் போகும் முன் செருப்பைக் கழற்றுவதும், வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்குவதும் இத்தனை வருஷத்தில் என் கைகாலில் ஊறிப்போனவை. அதை அந்தப் பிள்ளையிடம் எப்படி விளக்குவது? நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் கழற்றியிருப்பீர்கள், இரண்டு பேருமாக அவமானப்பட்டிருப்போம்.

அவன் நல்ல பிள்ளை. பொய் சொல்லவில்லை. இதை ரோட்டில் ஓட்டக்கூடாது, சொந்த நிலத்துக்குள் மட்டும்தான் என்றான். ஓட்டுகிறவரைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது, இரும்புச் சட்டத்தில் உயரமாகச் சுமை கட்டினால் வரப்பில் ஏறும்போது வண்டி கவிழ்ந்துவிடும், ஹெல்மெட் போடாமல் தொடவே கூடாது என்றான். செல்வியின் கண் பெரிய சிவப்பு வண்டி மேலேயே இருந்தது. நாலு சக்கரமும் இழுக்குமாம். என் கண் மூலையில் நின்ற சின்ன வண்டிக்குப் போனது. அதில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. கயிற்றின் ஒரு முனையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் விழுந்தால் மறுமுனை வண்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், எஞ்சின் அணைந்துவிடும். "அதெல்லாம் பழகுறவுகளுக்கும்மா. இவுக நல்லாவே ஓட்டுவாக" என்று செல்வியைக் காட்டினான். அவளும் பூரித்துப் போனாள். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பி வந்தோம்.

அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் சாத்தூரில் ஒரு புரோக்கர், மலைப்பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கு ஓட்டக் கொடுத்த பழைய வண்டி ஒன்று கைக்கு வந்திருக்கிறது என்றார். "எம்புட்டோ பேரு ஓட்டிப் பழகுன வண்டி, தாயீ. குழந்தை மாதிரி போகும்" என்றார். கண்மாய்க் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நான்தான் முதலில் ஓட்டுவேன் என்று அடம்பிடித்தேன். மகள் ஏறுவதற்கு முன் எனக்கு ஆகவேண்டியது ஆகட்டும் என்ற நினைப்புதான். செல்வி கரைக்குக் கீழே புரோக்கரோடு நின்றாள்.

கட்டை விரலால் ஆக்சிலேட்டரை அமுக்கினேன். வண்டி கரை மேல் மெதுவாகப் போனது. கொஞ்சம் தைரியம்கூட வந்தது. கீழே இறங்கத் திருப்பினேன். அப்போது சைலன்ஸரில் 'பட்' என்று ஒரு சத்தம்.

அவ்வளவுதான். கையில் இருந்ததை விட்டேன், குதித்தேன், திரும்பிப் பார்க்காமல் கரை மேலேயே எதிர்ப்பக்கம் ஓடினேன். கம்பெனியில் நீங்கள் எங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் படிய வைத்தது அது. "சத்தம் கேட்டா யோசிக்காதீக. சரக்கைப் பார்க்காதீக. போட்டுட்டு ஓடுங்க." பத்தடி ஓடிய பிறகுதான் வண்டியின் சத்தம் இன்னும் நிற்கவில்லை என்று உறைத்தது. ஆக்சிலேட்டர் ஒயர் பழசு. அமுக்கினால் அமுங்கியதுதான், திரும்ப வராது. ஆள் இல்லாத வண்டி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே செல்வி நின்றாள்.

புரோக்கர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் முள்ளுக்குள் விழுந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தைத் தாண்டி வண்டி ஒரு கருவேல மரத்தில் முட்டிக் கவிழ்ந்தது. மேலே பார்த்து நின்ற சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. செல்வி எழுந்து வந்தாள். முழங்கை முழுக்க முள் கீறி ரத்தம். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ ஏம்மா இப்படி நடுங்குற?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மருந்து ரூமில் விட்டு ஓடுகிறவள் பிழைப்பாள். இங்கே நான் விட்டு ஓடியது என் பிள்ளையை நோக்கிப் போனது. வண்டியே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப நீ மறுபடி சுமப்ப, ஒருநா வரப்புல விழுந்து கெடப்ப. அதைப் பார்க்க எனக்குப் பயமா இருக்காதா?" என்றாள். மதுரைக்கு மறுபடி போனோம். சிவப்பு வண்டியை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. "கயிறு மாட்டுற வண்டியைக் குடுங்க" என்று அவளே கேட்டாள். நான் ஆக்சிலேட்டரை அமுக்கி அமுக்கி விட்டு, திரும்ப மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "தேஞ்சிரும்மா" என்றான் அந்தத் தம்பி.

நேற்று மழை விட்டதும் நானே ஓட்டினேன். செருப்பும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டேன், கயிற்றையும் மாட்டிக்கொண்டேன். பின் சட்டத்தில் முருங்கைக் கட்டு. வரப்புச் சரிவில் இறங்கும்போது பின் சக்கரம் வழுக்கியது. கீழே செல்வி குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உடம்பு முழுக்க 'விடு, ஓடு' என்றுதான் சொன்னது. கால்கூட ஒரு பக்கம் தூக்கிவிட்டது.

அப்போது நாம் வேலை பார்த்த தாயில்பட்டிக் கம்பெனியில் பக்கத்து ரூமில் புகை வந்த நாள் நினைவுக்கு வந்தது. உங்கள் சத்தம் கேட்டு நாங்கள் எல்லாரும் முள்ளிலும் கல்லிலும் ஓடி வேலிக்கு வெளியே வந்துவிட்டோம். நீங்கள் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசி ஆளாக வந்தீர்கள். எல்லார் முன்னாலும் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எங்களை ஓடச் சொல்லிட்டு நீங்க சாகவா நின்னீக?" என்று கத்தினேன். நீங்கள் வெளிறிப் போயிருந்தீர்கள். "நானும் ஓடத்தான் பார்த்தேன் புள்ள. உள்ள இன்னும் யாரும் இருக்காகளோன்னு பயம். அந்தப் பயத்துல கால் நகரல" என்றீர்கள். இத்தனை காலமும் அதை உங்கள் தைரியம் என்றே ஊரில் சொல்லி வந்தேன். நீங்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

பிரேக்கைப் பிடித்தேன், விடவே இல்லை. வண்டி ஒரு முழம் சறுக்கி, சகதியில் அழுந்தி நின்றது. செல்வி நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, நின்னுட்ட?" என்றாள். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். கண்ணீர் ஹெல்மெட்டுக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கக் கையை எடுக்கப் பயமாக இருந்தது. அவள் காயைக் கூடையில் அள்ளிக்கொண்டு வழியை விட்டு விலகிப் போகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.