செத்த கோழிச் சாக்கு

ஜூலை 1, திங்கள்

காலையில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினேன். வடக்கத்தி ஆட்கள் நம் பிழைப்பைப் பிடுங்குவது பற்றி. டீக்கடையில் எழுந்து இடம் விட்டார்கள். மச்சினன் மகன் மணிமாறன், "மாமா பேசுனா ரத்தம் கொதிக்குதுங்க" என்றான்.

ஜெகதீஸ்வரனின் கோழிப்பண்ணையில் இருபது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். "கண்ணு சரியாத் தெரியலீங்களே அண்ணா, ஊட்ல இருங்க" என்று அனுப்பிவிட்டான். இப்போது அங்கே முழுக்க இந்திக்காரர்கள்.

ஜூலை 3, புதன்

பள்ளிக்கூடத்துப் பின்னால் ஒரு வடக்கத்தியான் கனமான சாக்கோடு போனான். குழுவில் எச்சரித்தேன்: "புள்ளைகளப் பாத்துக்குங்க சாமி. மூட்டைக்குள்ள என்ன இருக்குதோ!"

மாலை — அவனை அடித்துவிட்டார்களாம். மணிமாறனும் அவனோடு இன்னும் சிலரும். நாமக்கல் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான்.

ஜூலை 4

சாக்கில் இருந்தது செத்த கோழிகள். ஜெகதீஸ்வரன் பண்ணை ஆள்; புதைக்கிற குழிக்குக் கொண்டுபோயிருக்கிறான். "தெரியாமப் போச்சே" என்கிறார்கள் எல்லோரும். நானும் தலையாட்டினேன்.

ஜூலை 5

எனக்குத் தெரியும்.

தினம் விடிஞ்சதும் கூண்டு கூண்டாப் பாத்து, செத்ததைச் சாக்குல போட்டு, அதே வழியா அதே குழிக்கு அனுப்புனவன் நான். புதன்கிழமை நாத்தம்கூட மூக்குல ஏறுச்சு. தெரிஞ்சதைக் கொஞ்ச நேரம் தள்ளி வெச்சேன். ஏன்? திங்கக்கெழம பேசுனதுக்கப்புறம் ரெண்டு நாளா யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கா?

என்னை அனுப்பியது ஜெகதீஸ்வரன். பங்காளி. நல்லது கெட்டதுக்கு முகம் பார்க்க வேண்டியவன். அவனிடம் கோபப்பட வாய் வரவில்லை. சாக்குச் சுமக்கிறவன்மேல் வந்தது.

ஜூலை 8

மணிமாறனைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "மாமா சொன்னாருங்க" என்றானாம். நாளை மறுநாள் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரி வசந்தாமணி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, உள்ள என்ன இருந்துதுன்னு தெரியாதுன்னே சொல்லிப்போடுங்க. வக்கீலும் அதத்தான் சொல்றாரு. வயசான காலத்துல செயிலுக்குப் போறீங்களா?"

ஒரே வார்த்தை. தெரியாது. அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

ஜூலை 10

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் சுக்லால். தாடை வீங்கி, இடது கை முழுக்கக் கட்டு. என்னை யாரென்று தெரியாது. பெரியவர் ஒருத்தர் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து நல்ல கையை நெற்றிக்குத் தூக்கி வணங்கினான். ஐயோ, அதை வாங்கிக்கிட்டு நின்னேனே.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், "தெரியாமத்தானே பேசுனீங்க, பெரியவரே?" என்றார்.

"தெரியுமுங்க."

எழுதுவதை நிறுத்தினார். "யோசிச்சுச் சொல்லுங்க."

"தெரிஞ்சேதான் பேசுனேன். எழுதிக்குங்க."

ஜூலை 26

ஜாமீனில் வீடு. வசந்தாமணி பேசுவதில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மணிமாறனும் ஜாமீனில் வந்துவிட்டான். நேரே என்னைப் பார்க்க வந்தான். வாசலிலேயே சொன்னேன்: "அது கோழின்னு எனக்கு அப்பவே தெரியும்டா சாமி. நாந்தான் உன்னைக் கெடுத்துட்டேன்."

சிரித்தான். "அப்படிச் சொல்லச் சொல்லி உங்கள மெரட்டிட்டானுங்க மாமா."

"யாரும் மெரட்டலடா."

"அந்த வடக்கத்தியானுக்கு எவ்வளவு பெரிய ஆளுங்க இருக்கறாங்க பாருங்க. உங்களையே இப்படிப் பேச வெச்சுட்டாங்களே."

சத்தம் போட்டுச் சொன்னேன். கெஞ்சினேன். நான் — கெஞ்சினேன். பரிதாபமாகப் பார்த்தான். கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "நீங்க ரெஸ்ட் எடுங்க மாமா. இனிமே குழுவுல நான் பேசிக்கறேன்" என்றான்.