கிங்ஸ்ரன் கோட்டையில் காட்டிய அட்டை

ஸ்காபரோ
ஆகஸ்ட் 18

அன்புள்ள றோசலினுக்கு,

மாதா துணையால் நான் சுகம். உமது முழங்கால் நோவு குறைந்ததா? எழுத்து கோணல் என்று சிரியாதேயும். கோயில் மண்டபத்து வகுப்பில் ஆறு மாதம் படித்து, இதை முழுவதும் நானே எழுதுகிறேன்!

சனிக்கிழமை நம் மகன் டெஸ்மன் என்னையும் பேத்தி ஷெரினையும் கிங்ஸ்ரனில் உள்ள பழைய கோட்டைக்குக் கூட்டிப் போனான். மூன்று மணி நேரம் காரில் இருந்து, பிறகு மேடு ஏறிக் களைத்துப் போனேன். வாசலில் சிவப்புச் சட்டைச் சிப்பாய் ஒருவன் துவக்கோடு நின்று கையை நீட்டினான். ஊர்ச் சோதனைச்சாவடி ஞாபகத்தில் நான் தொப்பியைக் கழற்றி, சட்டைப்பையில் இருந்த நம் நாட்டு அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

“அப்பப்பா, அவர் டிக்கெட் கேக்கிறார்! உது ஆமி இல்லை, சும்மா அக்ரிங், நடிப்பு!” என்று ஷெரின் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பெடியன் எனக்குச் சல்யூட் அடித்தான். நானும் சிரித்தேன். பிறகு ஒரு மர வாங்கில் இருந்துவிட்டேன்.

இன்னும் ஒரு வருடம் இங்கே நிற்பதற்கான பேப்பரில் அடுத்த மாதக் கடைசியில் கையெழுத்து வைக்கச் சொல்கிறான் டெஸ்மன். போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் கேட்டிருக்க, நீர் “நில்லுங்கோ” என்கிறீர், நானும் “ஓம்” என்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது, றோசலின். ஷெரின் அழுவாள்தான்.

நான் உடுக்கும் சாரங்களை எடுத்து வெயிலில் போட்டு வையும். தபால் பெட்டிக்குப் போக ஷெரின் சப்பாத்துப் போட்டுவிட்டாள், நிறுத்துகிறேன். அடுத்த முறை போனில் எல்லாருக்கும் கேட்கும்படி “வாங்கோ” என்று சொல்லும்.

உமது,
சூசை