தபாலில் வந்த பிரசங்கம்

1887 பிப்ரவரி 7, திங்கள்

சபை அறிவிப்புக்கென்று வாங்கிய தாளில் சொந்தக் கதை எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். இந்தப் போதகர் வீட்டில் எனக்குப் பேச ஆள் இல்லை.

கல்யாணமாகி ஆறு மாதம். எட்வின் சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்பார், அவ்வளவுதான். போன வருடம் எங்கள் ஊர் ஆலயத்தில், மனைவி என்பவள் கணவனோடு சேர்ந்து உழைப்பவள் என்று பிரசங்கித்த அதே வாய். அந்தப் பிரசங்கத்துக்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன். நான் காலுறை நெய்கிறவர் மகள், குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஆலைப் பெண்களுக்குப் பள்ளி நடத்தலாம் என்று வந்தேன். பீடத்து விரிப்புக்கு ஓரம் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9

சபைப் பெண்களின் தையல் கூட்டம். மிஸஸ் டக்வெல் சொன்னாள்: "நம்ம போதகர் ஐயர் பேசினா கல்லும் கரையுதும்மா. நீங்க அந்தப் பட்டத்தை என்ன பண்ணப் போறீங்க, டீயில கரைச்சுக் குடிக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிப்ரவரி 11

அவர் அறையைத் துடைக்கும்போது லண்டன் தபால் கட்டு ஒன்று சரிந்தது. பிரசங்கங்கள். அழகான கையெழுத்து, அவருடையது அல்ல. ஒன்று மட்டும் தவறுதலாக இரண்டு பிரதி வந்திருந்தது. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே அடித்தல்.

கல்லச்சு: யாரோ எழுதியதைக் கல்லில் பதித்து அச்சடித்தது. ஆலய மாடியிலிருந்து பார்ப்பவர்கள் கையால் எழுதியது என்று நினைப்பதற்காக. காசு கொடுத்தால் எந்தப் போதகரும் வாங்கலாம்.

பழைய கட்டின் அடியில் அது இருந்தது — 'சேர்ந்து உழைப்பவள்.' அப்போ நான் யாரைக் கட்டிக்கிட்டேன்?

பிப்ரவரி 12

கேட்டுவிட்டேன். இரண்டு பிரதியையும் அவர் முன்னால் வைத்தேன்.

"சொந்தமா பேசினா நாக்கு ஒட்டிக்குது, ஹெஸ்டர். கல்லூரியில சிரிச்சாங்க."

பாதிப் போதகர்கள் வாங்குவதுதான் என்றார். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை.

"அன்னைக்கு எங்க ஊர்ல பேசினதை நம்பினீங்களா?"

நான் தைத்த விரிப்பின் ஓரத்தை விரலால் நீவினார்.

"படிக்கும்போது நம்பினேன்."

பிப்ரவரி 13, ஞாயிறு

இரண்டு பிரதி வந்ததைத்தான் இன்று படித்தார். அடித்தல் இருந்த இடத்தில் நின்று, என் இருக்கைப் பக்கம் பார்த்தார். பிறகு தொடர்ந்தார். மிஸஸ் டக்வெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்தது என்று முதல் முறையாக ஒன்று இருக்கிறது. அது இதுவாகவா இருக்கணும்?

பிப்ரவரி 14, காலை

இந்தத் தாள்களை அவருடைய ரொட்டித் தட்டின் அடியில் வைக்கப் போகிறேன்.

எட்வின், பிரசங்க பீடத்தில் எதை வேண்டுமானாலும் படியுங்கள். நான் சிரிக்க மாட்டேன். நாக்கு ஒட்டினால் காத்திருப்பேன், எனக்கும் ஒட்டும். இந்த மேசையில், இன்று, உங்கள் சொந்த வாக்கியம் ஒன்றை எனக்குச் சொல்லுங்கள்.