மாஹே மாற்றலும் எங்கள் நாற்றங்காலும்

ஆவணி 18, புதன்.

பதவி உயர்வோடு, கேரளக் கரையிலிருக்கும் மாஹேக்கு மாற்றல் வந்திருக்கிறது. வேண்டாமென்றால் நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு போய்விடலாம் என்று சொன்னதே என் வீட்டுக்காரர்தான். சாயங்காலம் காரைக்காலில் ஆபீஸ் விட்டு எங்கள் ஊர் நெரவிக்கு வந்தால், எங்கள் வயலில் நாற்றங்காலுக்கு விதை தெளித்துவிட்டு நிற்கிறார்.

“என்னங்க இது?” என்றேன்.

“ஆத்துல தண்ணி வந்துடுச்சு. சும்மா எப்படிப் போட்டு வைக்கிறது?” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

போன வருஷப் பயிர் மழையில் அழுகிப்போய், என் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். அதைச் சொல்லிக் காட்ட வாய் வரவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நான் மட்டும் போகவும் தைரியமில்லை.

இதை எழுதும்போதே மழை பிடித்துக்கொண்டது. விதையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுமே என்று பதறி, தண்ணீரை வடிய வைக்கச் சொல்லி, நான்தான் அவரை எழுப்பி அனுப்பினேன்.