அவர் பெயரில் வந்த என் விதி

ஜூலை 8, செவ்வாய்

எங்கள் கம்பெனி மெஷின்களுக்கான புரோகிராம் மொழியில் எந்தெந்த விதி இருக்கலாம் என்று முடிவுசெய்யும் கூட்டம் இன்று ஓசூர் ஆபீசில் நடந்தது. உறுப்பினர்களான எங்கள் ஆறு பேரில் ஒருவர் மறுத்தாலும் விதி உள்ளே போகாது.

எண்ணிக்கை அளவை மீறி மைனஸுக்குப் புரண்டால் மெஷின் தானே நிற்க வேண்டும் என்ற விதியைப் போன வருடம் நான் எழுதிக் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்கும்மா ஸ்டாண்டர்டுல? வேணுங்கறவங்க தனியா எழுதிக்கட்டும்" என்று ஆறு பேரில் ஒருவரான குமரேசன் சார் சிரித்தே மறுத்துவிட்டார். இன்று அதையே தன் பெயரில் கொண்டுவந்தார். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

நான் மறுத்துக் கை தூக்கினேன். பழைய கூட்டக் குறிப்பைத் திறந்து, அவர் சொன்னதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். அவர் முகம் தொங்கிவிட்டது. விதி விழுந்தது. கெலமங்கலம் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும், எங்கள் மெஷின் ஓடும் பர்கூர் கிரானைட் பட்டறையிலிருந்து போன். "மேடம், கவுண்ட் மைனஸ்ல போயிருச்சு. மெஷின் நிக்காம கல்லை அறுத்துக்கிட்டே இருக்குது."

மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். அந்த விதி இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. காலையில் போய் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் அதைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வருடமும் அவர் பெயரில் வந்தால், மறுத்துத்தான் கை தூக்குவேன்.